ஹோக் பிரபுவும் தொழிலாட்டக்காரரும்

விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆடியவர்களின் சாதனைகளையே எழுதுகின்றனர். இன்னார் இத்தனை ஓட்டம் எடுத்தார், இன்னார் இத்தனை விக்கெற்றுகளை வீழ்த்தினார் என்னும் கணக்குகள் ஏடுகளில் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் ஆடியவனுக்குக் கூலி கொடுத்தவர் யார், ஆட்டம் இல்லாத மாதங்களில் அவன் வீட்டு அடுப்பு எரிந்ததா, அவனைச் சேர்க்கவும் நீக்கவும் உரிமை பெற்றிருந்தவர் யார் என்று கேட்போர் சிலரே. இக்கேள்விகளை மனத்திற் கொண்டு ஆங்கில நாட்டுக் கிறிக்கெற் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது ஒரு மனிதர் திரும்பத் திரும்ப என் முன் வந்து நின்றார். அவரே ஏழாவது ஹோக் பிரபுவாகிய மார்ட்டின் பிளேடன் ஹோக்.

இன்று அவர் பெயரை அறிந்தவர்களுள் பலர், 1925ஆம் ஆண்டில் அவர் வாயிலிருந்து வெளிவந்த ஒரே ஒரு கருத்தைக் கொண்டே அவரை அறிவர். அந்தக் கருத்து அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. எனினும் ஒரு மனிதரின் எழுபத்தெட்டு ஆண்டு வாழ்க்கையை ஒரு வார்த்தையால் அளந்துவிடுதல் முறையாகாது. அவர் செய்த நன்மையும் அவர் மறுத்த உரிமையும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவை என்பது என் துணிபு. அதனை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

1759ஆம் ஆண்டில் கிபரோன் குடாவில் பிரெஞ்சுக் கடற்படையை முறியடித்த எட்வேட் ஹோக் என்னும் கடற்படைத் தளபதியின் வழியில் வந்த குடும்பம் அது. பிரபுப் பட்டம் அந்த வெற்றி வீரருக்குக் கிடைத்தது. அவர்க்குப் பின் வழிவழியாக வந்தது. நம் கட்டுரை நாயகர் 1860ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் லிங்கன்ஷயரிலுள்ள வில்லிங்காம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தின் குரு. பெருஞ் செல்வர் மாளிகையன்று, ஒரு குருமனையே அவர் பிறந்த இடம் என்பது கவனிக்கத் தக்கது. தந்தையார் 1887இற் காலமானபின் பிரபுப் பட்டம் மகனை அடைந்தது.

ஈற்றன் பாடசாலையிலும் கேம்பிறிட்ஜ் பல்கலைக் கழகத்து மக்டலீன் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1885இற் பல்கலைக் கழக அணிக்குத் தலைவராகவும் இருந்தார். 1881இலேயே யோக்ஷயர் அணியில் இடம்பெற்றார்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யோக்ஷயர் மண்ணிற் பிறந்தவரே யோக்ஷயருக்காக ஆடவேண்டும் என்பது அக்கழகத்தின் எழுதாச் சட்டம். பிற கவுண்டிகள் வெளியூராரை இரண்டாண்டு குடியிருக்கச் செய்து தம் அணியிற் சேர்த்துக்கொண்டபோதும் யோக்ஷயர் அந்த வழக்கத்தை நாடவில்லை. அந்த விரதத்தின் காவலராக நின்றவர் ஹோக் பிரபு. அவரோ அயல் கவுண்டியாகிய லிங்கன்ஷயரிற் பிறந்தவர்! பின்னாளில் அந்த விரதம் 1992இல் முற்றாகக் கைவிடப்பட்டபோது, அக்கழகத்தின் முதலாவது வெளிநாட்டு ஆட்டக்காரராக வந்து சேர்ந்தவர் இந்தியாவின் சச்சின் டெண்டுல்கர்.

இரு வாயில்கள்

கவுண்டி என்பது ஆங்கில நாட்டின் பழைய ஆட்சிப் பிரிவு. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு கிறிக்கெற் கழகம் தோன்றி, அவை தம்முட் போட்டியிட்டு வந்தன. அணிகளில் இருவகையினர் ஆடினர். ஒரு சாரார் கனவான்கள். ஆட்டத்துக்கெனக் கூலி வாங்காதவர்கள். மறு சாரார் தொழிலாட்டக்காரர். சுரங்கத்தொழிலாளர், நெசவாளர், சிறு கைத்தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்து ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள். ஒரே அணியில் ஆடினாலும் உடைமாற்றும் அறை வேறு. மைதானத்துக்குள் இறங்கும் வாயிலும் பல இடங்களில் வேறு. புள்ளி அட்டையிற் பெயர் அச்சிடும் முறை கூட வேறாயிருந்தது. சாதிப் பிரிவினையின் கொடுமையை அறிந்த நமக்கு இவ்வேற்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யோக்ஷயர் அணியிலோ தொழிலாட்டக்காரரே மிகுதி. 1878 முதல் அதன் தலைவராக இருந்த ரொம் எமற்றும் தொழிலாட்டக்காரரே. 1882இல் தலைமைப் பதவி இளைஞராகிய ஹோக்குக்கு வழங்கப்பட்டபோது, எமற்றின் கீழ் ஆடிச் சிறிது காலம் பழகவேண்டும் என்று அவர் அதனைத் தள்ளிப்போட்டார். அடுத்த ஆண்டு ஏற்றுக்கொண்டார். 1883 முதல் 1910 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், அப்பதவியில் அவரே இருந்தார். எமற்றுக்குப் பின் மற்றொரு தொழிலாட்டக்காரர் அந்த இடத்துக்கு முறையாக நியமிக்கப்படுவதற்கு 1960ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

ஹோக் ஏற்ற அணி திறமையிற் குறைந்ததன்று, ஒழுங்கிற் குறைந்தது. தனித்தனியே வல்லவர்கள், ஒன்றாகச் சேர்ந்தால் தோற்பவர்கள். குடி அவர்களைக் கெடுத்தது. கழகத்தின் நிர்வாகமோ ஷெபீல்ட் நகரத்தார் கையிற் சிக்கியிருந்தது. லீட்ஸ், பிரட்போர்ட் முதலிய நகரங்களுக்கும் நிர்வாக சபையில் உரிய இடம் கிடைத்தது 1893இலேதான். அதே 1893இல் யோக்ஷயர் முதன்முறையாகக் கவுண்டிச் சுற்றுப்போட்டியில் வென்றது. அதன்பின் 1896, 1898, 1900, 1901, 1902, 1905, 1908 என ஹோக்கின் தலைமைக் காலத்தில் மொத்தம் எட்டு முறை அவ்வெற்றி கிட்டியது.

அவர் தாமே பெரிய துடுப்பாட்ட வீரர் அல்லர். அவருடைய சராசரி ஏறத்தாழ இருபது ஓட்டங்களே. ஆளை அறிவதும், அறிந்த ஆளைப் பேணுவதுமே அவர் கலை.

குளிர்காலக் கூலி

அக்காலத்துத் தொழிலாட்டக்காரனின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஐந்து பவுண். வெளியூரில் ஆறு பவுண். பயணச் செலவும் தங்குமிடச் செலவும் அதிலிருந்தே போக வேண்டும். ஆங்கில நாட்டில் மே மாதம் தொடங்கும் ஆட்டம் செப்டெம்பரில் முடிந்துவிடும். அதன்பின் ஏழு மாதம் பனியும் குளிரும். அந்த மாதங்களில் வேலை கிடைத்தால் உண்டு, இல்லையேல் கடன். நீண்ட காலம் ஆடியவனுக்கு உதவிநிதி ஆட்டம் ஒன்று நடத்தி, அதன் வசூலை அவனிடம் கொடுப்பார்கள். ஒரே நாளிற் கைக்கு வந்த பெரும்பணத்தை வைத்துக் காக்கத் தெரியாமல், மதுக்கடை ஒன்றைத் தொடங்கி, விற்பதிலும் குடிப்பதிலும் அதனை இழந்து, வறுமையில் மடிந்தவர்கள் பலர்.

ஹோக் இந்த நிலையை மாற்ற முனைந்தார். நிலையான ஆட்டக்காரருக்குக் குளிர்காலத்தில் வாரம் இரண்டு பவுண் வீதம் ஊதியம் அளிக்கும் ஏற்பாடு அவருடைய முயற்சியால் வந்தது. சறேக் கழகமும் குளிர்கால ஊதியம் கொடுத்து வந்ததாயினும், யோக்ஷயரின் ஏற்பாடுகள் பலருக்கும் முன்மாதிரியாயின. நன்றாக ஆடியவர்களுக்கு அவரே மதிப்பெண் இட்டார்; அம்மதிப்பெண்களுக்கேற்பப் பருவ இறுதியில் ஊக்கப்பணம் கிடைத்தது. ஐம்பது ஓட்டம் எடுத்தவனுக்கே பரிசு என்னும் இயந்திரக் கணக்கை அவர் ஒப்பவில்லை. இக்கட்டான வேளையில் எடுத்த இருபது ஓட்டத்துக்கும், பாய்ந்து பிடித்த ஒரு பிடிக்கும் மதிப்பெண் உண்டு. மாணவர் விடைத்தாளைத் திருத்தும் நம்மவர்க்கு இந்த முறையின் அருமை விளங்கும்.

உதவிநிதியிலும் அவர் கை வைத்தார். வசூலில் மூன்றில் இரண்டு பங்கைக் கழகமே பொறுப்பேற்று முதலீடு செய்து, அதன் வருவாயை ஆட்டக்காரனுக்கு அளித்தது. 1904இல் ஜோர்ஜ் ஹேர்ஸ்ற் என்னும் மாபெரும் ஆட்டக்காரருக்குத் திரண்ட உதவிநிதி 3,703 பவுண். ஒரு தொழிலாளி தன் வாழ்நாள் முழுவதும் உழைத்தும் சேர்க்க முடியாத தொகை அது. அதே ஹேர்ஸ்ற் 1906இல் ஒரே பருவத்தில் 2,000 ஓட்டங்களையும் 200 விக்கெற்றுகளையும் கடந்தார். வேறெவரும் செய்யாத செயல். வயிறு நிறைந்தவனின் கை நன்றாகப் பந்து வீசும் என்று ஹோக் நம்பினார். அவர் நம்பிக்கை பொய்க்கவில்லை.

பீலின் கதை

இவ்வளவு பரிவுள்ள மனிதரின் மறுபக்கத்தை அறிய பொபி பீலின் கதையைக் கேட்கவேண்டும். பீல் இடக்கைப் பந்துவீச்சிற் பெயர்பெற்றவர். இங்கிலாந்து அணிக்காகவும் ஆடியவர். 1896ஆம் ஆண்டு மே மாதம் எட்ஜ்பாஸ்ரன் மைதானத்தில் வார்விக்ஷயருக்கு எதிராக யோக்ஷயர் ஒரே இனிங்ஸில் 887 ஓட்டங்கள் குவித்தது. நால்வர் நூறு கடந்தனர். எட்டாவது விக்கெற்றுக்கு இருவர் இணைந்து 292 ஓட்டங்கள் சேர்த்தனர். அவ்விருவரில் ஒருவர் பிரபு, 166 ஓட்டங்கள். மற்றவர் தொழிலாளி, ஆட்டமிழக்காமல் 210. அந்த இருவரே ஹோக்கும் பீலும்.

அடுத்த ஆண்டு, 1897இல், பீல் குடிமயக்கத்தில் மைதானத்துக்கு வந்தார். ஹோக் அவரை வெளியே அனுப்பினார். நாற்பது வயதான பீல் அதன்பின் யோக்ஷயருக்காக ஒருபோதும் ஆடவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ரெட் பீற் என்னும் மற்றொரு சிறந்த பந்துவீச்சாளரும் ஒழுங்கின்மை காரணமாக இவ்வாறே வெளியேற நேர்ந்தது. பீலின் இடத்துக்கு 1898இல் வந்தவர் வில்பிரட் றோட்ஸ். 1930 வரை ஆடி, 4,000க்கு மேற்பட்ட விக்கெற்றுகளை வீழ்த்தியவர் அவர். ஆகவே கழகத்துக்கு நட்டமில்லை.

ஹோக் செய்தது தவறென்று நான் கூற வரவில்லை. குடித்துவிட்டு ஆட வருபவனை எந்த அணித்தலைவரும் பொறுத்துக்கொள்ள இயலாது. ஆயினும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகின்றது. முந்திய ஆண்டு தம்மோடு தோளோடு தோள் நின்று ஆடிய மனிதனின் பிழைப்பு ஒரே நாளில் முடிந்துவிடும் நிலை எப்படி வந்தது? கூலி, மதிப்பெண், உதவிநிதி, மன்னிப்பு ஆகிய யாவும் ஒரே கையிற் சேர்ந்திருந்தன. அந்தக் கை கருணையுள்ளதாக இருக்கும்வரை எல்லாம் நலமே. கொடுக்கும் கையே எடுக்கவும் வல்லது என்பதைத் தொழிலாட்டக்காரர் ஒருநாளும் மறந்திருக்க மாட்டார்கள்.

சுற்றுப்போட்டியின் நிர்வாகம்

கவுண்டிச் சுற்றுப்போட்டி இன்றைய ஒழுங்கோடு பிறந்ததன்று. முன்னர் பத்திரிகைகளே தத்தம் விருப்பப்படி வெற்றிக் கவுண்டியைத் தீர்மானித்தன. 1889ஆம் ஆண்டு டிசெம்பரில் இலண்டன் லோட்ஸ் மைதானத்திற் கூடிய கழகக் காரியதரிசிகள் புள்ளி முறையொன்றை ஒப்பியதன் பயனாக, 1890 முதல் போட்டி முறைப்படி நடந்தது. எட்டாக இருந்த கவுண்டிகள் 1895இற் பதினான்காயின. 1899இல் வூஸ்ரர்ஷயரும் 1905இல் நோதாம்ரன்ஷயரும் சேரப் பதினாறாயின.

இதிலே பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எல்லாக் கவுண்டிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடவில்லை. குறைந்தது எட்டுக் கவுண்டிகளோடு ஊருக்கு ஒன்றாக இரண்டிரண்டு ஆட்டம் ஆடவேண்டும் என்பதே 1895இன் விதி. வசதியுள்ள யோக்ஷயர் இருபத்தெட்டு ஆடும். வறிய கவுண்டி பதினாறோடு நின்றுவிடும். ஆகவே வெற்றிக்கு ஒரு புள்ளி கூட்டி, தோல்விக்கு ஒன்று கழித்து, முடிவு கண்ட ஆட்டங்களின் எண்ணிக்கையோடு அதனை வீதமாக்கிப் பார்த்தனர். வெற்றி தோல்வியின்றி முடிந்தவை கணக்கிற் சேரா. பத்து வென்று இரண்டு தோற்ற அணியைவிட, நான்கே வென்று ஒன்றும் தோலாத அணி முன்நிற்கும் விந்தையை இம்முறை அனுமதித்தது. தோல்விக்கு அஞ்சி ஆட்டத்தை இழுத்தடிப்பதும் இலாபமாயிற்று. 1910இல் வென்ற ஆட்டங்களின் வீதமே கணக்கு என்றனர். அதுவும் ஓராண்டோடு போயிற்று. 1911 முதல் வெற்றிக்கு ஐந்து புள்ளி. முடிவு காணாத ஆட்டத்தில் முதல் இனிங்ஸில் முந்தியவருக்கு மூன்று, பிந்தியவருக்கு ஒன்று என வகுத்தனர்.

இந்த விவகாரங்களை ஆராய்வதற்கென 1904இல் மேரிலிபோன் கழகம் கவுண்டிகளின் ஆலோசனைக் குழுவை அமைத்தது. அதற்கு முன்னரே, 1898இல், உள்நாட்டு டெஸ்ட் ஆட்டங்களுக்கான கட்டுப்பாட்டுச் சபை தோன்றிவிட்டது. அதன் தோற்றத்துக்குப் பின்னணியிலும் கூலிப் பிரச்சினை இருந்தது. 1896இல் ஓவல் மைதானத்து டெஸ்ட் ஆட்டத்துக்கு முன் தொழிலாட்டக்காரர் ஐவர், பத்துப் பவுண் போதாது, இருபது வேண்டும் என்று கேட்டு ஆட மறுத்தனர். சபை அமைந்தபின், 1899இல், நாட்டின் அணியைத் தெரியும் குழுவுக்கு முதல் அக்கிராசனராக அமர்ந்தவர் ஹோக் பிரபு. 1898 முதல் யோக்ஷயர்க் கழகத்தின் தலைவரும் அவரே. இறக்கும்வரை அப்பதவியை வகித்தார். 1903இற் காரியதரிசியாக வந்த பிரெடரிக் ரூன் அவருக்கு வலக்கையாக அமைந்தார்.

கடல்கடந்த பயணங்களிலும் அவர் சளைக்கவில்லை. வட அமெரிக்கா, தென்னாபிரிக்கா, ஆர்ஜென்ரீனா என்று அணிகளை அழைத்துச் சென்றார். 1892ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தலைமையில் வந்த அணி முதலில் இலங்கையில் ஆடிவிட்டே இந்தியாவுக்குச் சென்றது. பம்பாயில் பார்சிகளுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஒன்றிற் தோற்று ஒன்றில் வென்றது.

1914இல் அவர் மேரிலிபோன் கழகத்தின் தலைவரானார். ஓராண்டுக்குரிய அப்பதவி, உலகப் போர் மூண்டமையால், 1918 வரை அவரிடமே இருந்தது. சுற்றுப்போட்டி நான்காண்டு நின்றுபோயிற்று. யோக்ஷயரின் மேஜர் பூத் 1916இலும் கென்ற்றின் கொலின் பிளைத் 1917இலும் போர்க்களத்தில் உயிர்நீத்தனர். இருவரும் தொழிலாட்டக்காரர். மேஜர் என்பது பூத்துக்குப் பெற்றோர் இட்ட பெயரேயன்றிப் பட்டாளப் பதவியன்று. போர்க்களத்தில் இரு வாயில்கள் இருக்கவில்லை.

மூடிய கதவு

1925ஆம் ஆண்டு சனவரியில் நடந்ததற்கு இப்போது வருவோம். சிசில் பார்க்கின் என்னும் தொழிலாட்டக்காரர், இங்கிலாந்துத் தலைவராயிருந்த ஆதர் கிலிகனைக் குறைகூறிப் பத்திரிகையில் எழுதினார். தொழிலாட்டக்காரராகிய ஜக் ஹொப்ஸ் தலைமை ஏற்பது நலம் என்ற கருத்தையும் வெளியிட்டார். யோக்ஷயர்க் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஹோக் பிரபு மறுமொழி கூறினார். தொழிலாட்டக்காரர் எவரும் இங்கிலாந்துக்கு ஒருநாளும் தலைவராகாதிருக்க இறைவன் அருளவேண்டும் என்பது அதன் சாரம். அவர்கள் மேல் தமக்குள்ள மதிப்பையும் அவர் கூடவே சொன்னார். மதிப்பு நாட்டின் செவியில் ஏறவில்லை. பிரார்த்தனை மட்டும் நிலைத்தது.

இது திடீரெனத் தோன்றிய அகந்தையா? அவ்வாறு நான் கருதவில்லை. தொழிலாட்டக்காரனை நல்லவனாகவும் திறமுள்ளவனாகவும் கண்டார்; ஆனால் பேணப்பட வேண்டியவனாகவே கண்டார். தன் பணத்தைத் தானே காக்கத் தெரியாதவன் என்று எண்ணியதால் மூன்றில் இரண்டு பங்கைக் கழகத்தின் கையில் வைத்தார். தன் பணத்தை ஆளத் தெரியாதவன் பதினொருவரை எவ்வாறு ஆள்வான்? பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பதை ஒப்பாத தந்தையின் மனம் அது.

சட்டமும் இதற்கு இசைந்தே பேசியது. கென்ற் ஆட்டக்காரராகிய ஜேம்ஸ் சீமோரின் உதவிநிதிக்கு வரி உண்டா என்ற வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1927இற் கிடைத்த தீர்ப்பு, அது ஊதியமன்று, அன்பளிப்பு. ஆகவே வரியில்லை என்றது. தொழிலாட்டக்காரருக்கு அது பெரிய இலாபந்தான். ஆனால் அத்தீர்ப்பின் உட்பொருளைப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக உழைத்தவனின் முதுமைக்கு ஆதாரமான பணம், அவன் உரிமையோடு கேட்கக்கூடிய கூலி அன்று. பிறர் மனமுவந்து ஈந்த கொடை. ஹோக் பிரபுவின் உலகம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றது.

காலம் அவருக்குக் காத்திருக்கவில்லை. 1926இல் மான்செஸ்ரர் டெஸ்ட் ஆட்டத்தில் தலைவர் நோயுற, மைதானத்தில் அணியை நடத்தியவர் ஹொப்ஸ். 1927இன் இறுதியில் யோக்ஷயர்க் கழகமே தொழிலாட்டக்காரராகிய ஹேபட் சற்கிளிவுக்குத் தலைமையை அளிக்க முன்வந்தது. எழுந்த வாதங்களைக் கண்டு அவர் அதனை ஏற்கவில்லை. 1932 முதல் ஹோக் மேரிலிபோன் கழகத்தின் தனாதிகாரியாகப் பணிபுரிந்தார். 1938ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள் எடின்பரோ நகரிற் காலமானார். பிள்ளைகள் இல்லை.

அவர் கண்மூடுவதற்கு ஏழு வாரங்களுக்கு முன், ஓவல் மைதானத்தில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 364 ஓட்டங்கள் எடுத்து உலக சாதனை நிறுவினார். யோக்ஷயர் மண்ணிற் பிறந்தவர், தொழிலாட்டக்காரர், பெயர் லென் ஹற்றன். ஹோக் தலைமை வகித்த கழகத்தின் ஒழுங்கில் வளர்ந்தவர் அவர். 1952இல் இங்கிலாந்தின் தலைவராக அந்த ஹற்றனே நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியாவை வென்றார். எனினும் யோக்ஷயர் அவரைத் தன் தலைவராக்கவில்லை. 1960இல் விக் வில்சன் அப்பதவியை ஏற்றார். அவ்வாண்டே யோக்ஷயர் சுற்றுப்போட்டியிலும் வென்றது. 1962ஆம் ஆண்டு நவம்பரில், கனவான் என்றும் தொழிலாட்டக்காரன் என்றும் பிரிக்கும் வழக்கத்தையே ஒழிக்கக் கவுண்டிகள் முடிவு செய்தன.

ஹோக் பிரபு அஞ்சிய எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. அந்த மாற்றத்துக்கு வழி வகுத்தவர்களுள் அவரும் ஒருவர். குளிர்காலத்தில் உணவு கொடுத்தார், குடியை விலக்கினார், தன் தொழிலில் தலைநிமிர்ந்து நிற்கக் கற்பித்தார். தலைநிமிர்ந்து நின்றவன் ஒருநாள் தலைமையைக் கேட்பான் என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறருக்கு நன்மை செய்யும் நிலையில் இருப்போர், ஆசிரியராயினும் அதிகாரியாயினும் சங்கத் தலைவராயினும், இந்த வரலாற்றைப் படிப்பது நலம் என்று கருதுகின்றேன். நம்மாற் பயன்பெற்றவன் நன்றியோடிருக்கின்றானா என்று பார்ப்பதில் நாம் வல்லவர்கள். அவன் நமக்குச் சமமாக அமர ஓர் ஆசனம் போட்டிருக்கின்றோமா என்று பார்ப்பது அரிது. ஹோக் பிரபு முதலாவதிற் குறை வைக்கவில்லை. இரண்டாவதை அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் பிறர் செய்து முடித்தனர்.